அப்பாவுக்கு ஒரு கதவைக் காட்ட 1,46,000 மைல்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை சாம்பிள் பெட்டியோடு டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் பறக்க வேண்டும். டிக்கெட் காசு கம்பெனியுடையது. ஆனால் பறப்பதற்கு விமானக் கம்பெனி தருகிற 'மைல்' என்ற வெகுமதிப் புள்ளி மட்டும் பறந்தவன் பெயரில் ஏறும். அதைக் கொடுத்துப் பிறகு டிக்கெட் வாங்கலாம். பல வருடம் அதை நான் கண்டுகொள்ளவே இல்லை. 2022 அக்டோபரில் ஒரு மெயில் வந்தது. கொரோனாவுக்காக நீட்டித்துக் கொடுத்த கெடு முடியப்போகிறது, வரும் மார்ச்சோடு 41,000 மைல் காலாவதி என்றது. கணக்கைத் திறந்து பார்த்தால் மொத்தம் 98,000 இருந்தது.

ஆபீஸில் எல்லோரும் சொன்னது சிங்கப்பூர், இல்லையென்றால் துபாய். இரண்டுக்கும் எனக்கு மனசு வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்தே சிங்கப்பூருக்கும் துபாய்க்குப் பக்கத்துச் சார்ஜாவுக்கும் நேர் விமானம் இருக்கிறது, ஆஃபரில் பிடித்தால் காசும் குறைவு. காசுக்கு மலிவாகக் கிடைப்பதற்கு மைலைக் கரைப்பது, ரேஷன் அரிசி கிடைக்கும்போது விதைநெல்லைக் குத்துகிற மாதிரி. எங்கே போகக் காசுக் கணக்கு தலை சுற்ற வைக்கிறதோ அங்கேதான் மைலுக்கு மதிப்பு.

அப்படி ஒரு இடம் வீட்டிலேயே இருந்தது. அப்பா காங்கயம் பக்கம் மானாவாரி விவசாயி. எப்போதோ ஒரு செய்தித்தாளில் வந்த துண்டை வெட்டி நில வரி ரசீதுகளோடு சேர்த்து வைத்திருந்தார். வட துருவத்துக்குக் கிட்டே, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக் கூட்டத்தில், மலையைக் குடைந்து 2008-இல் திறந்த உலக விதைக் கிடங்கைப் பற்றிய செய்தி அது. ஊரில் யாராவது விதை கெட்டுப்போனது என்று புலம்பினால் அந்தத் துண்டை எடுத்துக் காட்டுவார். நான் மைல் கதையைச் சொன்னதும், "அங்கெல்லாம் ஏரோப்ளேன் போகுதா கண்ணு?" என்றார். அதற்குப் பிறகு வேறு ஊரைத் தேடவில்லை. அம்மாவைக் கூப்பிட்டால், மாட்டை யார் கறக்கிறது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஏரோப்ளேன் போகிறது. லாங்யீர்பியன் என்பது ஊர் பெயர், அட்சரேகை 78 டிகிரி வடக்கு. ஆஸ்லோவிலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர், சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறப்பதைவிட அதிகம். ஜூன் மாதத்துக்கு பயணத்தின் அந்த ஒரு துண்டுக்கு மட்டும் போக வர ஆளுக்கு முப்பதாயிரத்துக்கு மேல் காட்டியது. ஆனால் என் மைல் திட்டத்தில் கணக்கு மண்டலவாரியாக. இந்தியா ஒரு மண்டலம், ஐரோப்பா ஒரு மண்டலம். நான் வழக்கமாக இறங்குகிற ஃபிராங்ஃபர்ட்டும் ஐரோப்பாதான், பனிக்கரடி நடமாடுகிற லாங்யீர்பியனும் ஐரோப்பாதான். இரண்டுக்கும் ஒரே மைல்! அட்டவணையை நான்கு முறை படித்த பிறகுதான் நம்பினேன். எல்லாத் திட்டமும் இப்படி இல்லை. சிலது தூரத்தை அளந்து வாங்கும், சிலது துண்டு துண்டாக வாங்கும், சிலது அன்றைய காசு விலையைப் பார்த்து மைலையும் ஏற்றும். உங்களுடையது எந்த ரகம் என்று பார்க்காமல் ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அப்போது ஸ்காண்டிநேவியக் கம்பெனியான எஸ்.ஏ.எஸ். விமானங்கள், ஒன்றின் மைலில் இன்னொன்றில் பறக்க விடுகிற ஸ்டார் அலையன்ஸ் என்ற விமானக் கம்பெனிக் கூட்டணியில் இருந்தன. 1997-இல் அந்தக் கூட்டணியை ஆரம்பித்த ஐந்து பேரில் அவர்களும் ஒருவர். அதனால் சென்னை–ஃபிராங்ஃபர்ட் லுஃப்தான்சா, அங்கிருந்து ஆஸ்லோ, பிறகு எஸ்.ஏ.எஸ். என்று ஒரே டிக்கெட்டில் கட்ட வழி இருந்தது. இணையதளத்தில் சென்னை–லாங்யீர்பியன் என்று போட்டால் 'இடம் இல்லை' என்றே வந்தது. இரண்டு வாரம் அதை நம்பி வீணடித்தேன். பிறகுதான் புரிந்தது, தேட வேண்டியது வாலிலிருந்து. கடைசித் துண்டில்தான் விமானமே குறைவு, அதிலும் மைலுக்கு ஒதுக்குகிற இருக்கை இரண்டோ மூன்றோ. அது கிடைக்கிற தேதியை முதலில் குறித்துக்கொண்டு, அப்புறம் ஃபிராங்ஃபர்ட்–ஆஸ்லோ, கடைசியில் சென்னை. தனித்தனியாகத் தேடினால் எல்லாமே இருந்தது. ஒரு நோட்டில் விமான எண், தேதி, நேரம் எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு ஃபோன் போட்டேன்.

மறுமுனையில் இருந்த பெண், அப்படி ஒரு ஊர் சிஸ்டத்தில் இல்லை என்றார். எல்.ஒய்.ஆர். என்று விமான நிலையக் குறியெழுத்தைச் சொன்ன பிறகு கிடைத்தது. நான் சொன்ன விமான எண்களை ஒவ்வொன்றாகப் போட்டு, மண்டலக் கணக்கைச் சரிபார்த்து, போக வர ஆளுக்கு 73,000 என்றார். இரண்டு பேருக்கு 1,46,000. கையில் இருந்தது 98,000. மிச்சத்துக்குக் கிரெடிட் கார்டு பாயிண்ட்டை மாற்றினேன். அங்கேதான் அடி. பாயிண்ட் மைலாக மாறி வர மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் போனால் நான் குறித்து வைத்திருந்த ஜூன் 14-ஆம் தேதி இருக்கைகள் போய்விட்டன. மாற்றிய பாயிண்ட்டைத் திருப்பவும் முடியாது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. தினமும் காலையில் டீ குடிக்கிற நேரத்தில் தேடியதில் ஒன்பதாம் நாள் ஜூன் 17-க்கு இரண்டு இருக்கை திறந்தது. பல் விளக்காமல் ஃபோன் போட்டு வாங்கினேன். பாயிண்ட்டை முன்கூட்டியே மாற்றி வைத்துவிட்டுத் தேடுவதா, இருக்கையைப் பார்த்துவிட்டு மாற்றுவதா என்பதற்கு நல்ல பதில் கிடையாது. இரண்டிலும் மாட்டிக்கொள்ளலாம். அப்பாவின் பெயரை முதல் நாளே கணக்கில் சேர்த்து வைத்தது மட்டும் நான் செய்த புத்திசாலித்தனம். மைல் டிக்கெட்டை எந்தெந்தக் குடும்பத்தாருக்கு எடுக்கலாம் என்று முன்பே பதிய வேண்டியிருந்தது.

மைல் என்றால் இலவசம் என்று நினைக்க வேண்டாம். வரி, எரிபொருள் சர்சார்ஜ் என்று இரண்டு பேருக்குமாக நாற்பதாயிரத்தைத் தொட்டது.

கெடு மார்ச்சில் இருந்தாலும், அதற்குள் டிக்கெட் போட்டால் போதும், ஜூனில் பறக்கலாம். ரத்து செய்தாலும் கொஞ்சம் கட்டணம் பிடித்துக்கொண்டு மைலைத் திருப்பித் தருவார்கள். ஆனால் கெடு தாண்டிய மைல் திரும்பாது. ஆக, அப்பாவின் விசா மார்ச்சுக்குள் தெரிந்தாக வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் ஜனவரியில் போட்டோம்.

இந்த விசா விஷயம் டிக்கெட்டைவிடச் சிக்கல். 1920-ஆம் வருட ஒப்பந்தத்தின்படி நடக்கும் இடம் ஸ்வால்பார்ட். உள்ளே போக விசாவே வேண்டாம், இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் அது ஷெங்கனுக்கு வெளியே. ஃபிராங்ஃபர்ட்டில் ஒரு முறை உள்ளே வந்து, தீவுக்குப் போகும்போது வெளியே போய், திரும்பும்போது மறுபடி உள்ளே வர வேண்டும். ஒற்றை நுழைவு விசா இருந்தால் தீவிலேயே மாட்டிக்கொள்வீர்கள். என்னிடம் பல முறை நுழையும் விசா இருந்தது. அப்பாவுடையது புத்தம் புது பாஸ்போர்ட். படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்த ஏஜென்ட், 'ஒரு நுழைவு' என்று டிக் அடித்துவிட்டார். சென்னையில் கைரேகை வைக்க வரிசையில் நிற்கும்போதுதான் கண்ணில் பட்டது. அங்கேயே மாற்றி, இரண்டு நுழைவு ஏன் வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதத்தை பக்கத்துக் கடையில் அச்சடித்துச் சேர்த்தேன். விவசாயிக்கு வருமான வரிக் கணக்கு கிடையாது. சிட்டா, அடங்கலை மொழிபெயர்த்து, செலவு என்னுடையது என்று நான் எழுதிக் கொடுத்து, என் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் வைத்தோம். மூன்றாவது வாரம் இரண்டு நுழைவோடு விசா வந்தது.

ஜூனில் திருப்பூரில் வந்தே பாரத் ஏறினோம். அது ஓட ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ரயில் தனி டிக்கெட், விமானம் தனி டிக்கெட். ரயில் தாமதமானால் விமானக்காரர் பொறுப்பில்லை. அதனால் மதியமே சென்னை சேர்ந்து நள்ளிரவு வரைக்கும் காத்திருந்தோம். ஆஸ்லோவில் வேண்டுமென்றே 20 மணி நேர இடைவெளி வைத்திருந்தேன். 24 மணி நேரத்துக்குள் இருந்தால் அது வெறும் விமான மாற்றம், கூடுதல் மைல் இல்லை. அப்பா அங்கே நன்றாகத் தூங்கினார். மறுநாள் வழியில் வட நார்வேயின் ட்ரோம்சோவில் எல்லோரையும் இறக்கி, பாஸ்போர்ட் பார்த்து, அதே விமானத்தில் ஏற்றினார்கள். அப்பாவின் விசாவைப் பார்த்து அந்த அதிகாரி தலையாட்டுகிற வரைக்கும் எனக்கு மூச்சு வரவில்லை.

ஜூன் மாதம் அங்கே சூரியன் மறைவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இன்னுமா பொழுது போகலை?" என்றார். நாங்கள் தங்கியது பழைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பை மாற்றிய விடுதி. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், கரித்தூள் உள்ளே வரக்கூடாது என்று சுரங்கக் காலத்தில் வந்த வழக்கம். அது அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. குளிருக்கு ஏற்றுமதி ஆர்டரில் மிச்சம் நின்ற ஃபிலீஸ் ஜாக்கெட்டுகளைக் கொண்டுபோயிருந்தோம். சாப்பாட்டுக்கு அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப்பொடி. ஊரில் தாய்லாந்துக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், அதனால் சுடுசோறுக்குப் பஞ்சமில்லை.

ஊரைச் சுற்றி ஒரு மரம் இல்லை. வெறும் தரை, ஆங்காங்கே புல், அதில் குட்டைக் கால் துருவ மான்கள் மேய்கின்றன. அப்பா ரொம்ப நேரம் நின்று பார்த்தார். "கொறங்காடு மாதிரியே இருக்குது கண்ணு. வெள்வேல மரமும் கிளுவை வேலியும்தான் இல்லை." கொறங்காடு என்பது எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம்.

விதைக் கிடங்கு விமான நிலையத்துக்கு மேலே மலைச் சரிவில் இருக்கிறது. பனிக்கரடி எச்சரிக்கைப் பலகையைப் பார்த்த பிறகு நடக்கிற பேச்சே இல்லை, டாக்ஸி எடுத்தோம். மலைக்குள்ளிருந்து துருத்திக்கொண்டு வரும் காங்கிரீட் ஆப்பு, அதில் ஒரு கதவு. அவ்வளவுதான். பார்வையாளர்களை உள்ளே விடுவதில்லை. உள்ளே மைனஸ் 18 டிகிரியில் 12 லட்சத்துக்கும் மேல் விதை மாதிரிகள். ஹைதராபாத் பக்கத்து இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் அனுப்பிய சோளமும் கம்பும் அதில் உண்டு என்றேன்.

"நம்ம சோளமா?"

"நம்ம நாட்டுச் சோளமும் இருக்குமுங்கப்பா."

"சாவி யார்கிட்ட இருக்குது?"

கொடுத்தவர்தான் திரும்ப எடுக்க முடியும், நார்வே வெறும் காவல் என்றேன். சிரியாவில் சண்டையில் அலெப்போ விதை வங்கியை விட்டுவிட்டு வந்தவர்கள், 2015-இல் இங்கிருந்துதான் முதல் முதலாகத் தங்கள் விதையைத் திருப்பி எடுத்தார்கள் என்றும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். எங்கள் வீட்டில் விதைச் சோளத்தைச் சாம்பலில் புரட்டி, வேப்பந்தழை போட்டுப் பானையில் வைப்பார் பாட்டி. அப்பா கதவைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் தொட்டார்.

இதே வழியில் இப்போது போக முடியாது. 2024 செப்டம்பர் 1 முதல் எஸ்.ஏ.எஸ். ஸ்கைடீம் கூட்டணிக்கு மாறிவிட்டது. ஏர் பிரான்ஸ், கே.எல்.எம். இருக்கிற கூட்டணி அது. அவர்கள் பெங்களூரிலிருந்து பறப்பதால் கொங்குக்காரர்களுக்குச் சென்னையைவிட அதுவும் மோசமில்லை. ஆனால் அவர்கள் திட்டத்தில் மைல் விலை நாளுக்கு நாள் மாறுகிறது. லாங்யீர்பியனுக்குப் பறக்கும் இன்னொரு கம்பெனியான நார்வீஜியன் எந்தக் கூட்டணியிலும் இல்லை. வாலிலிருந்து தேடுகிற முறை மட்டும் எங்கேயும் செல்லும்.

அப்பா ஊரில் எல்லோரிடமும் சொல்வது டாக்ஸிக் காசைத்தான். கிடங்குக்குப் போய்த் திரும்பக் கொடுத்ததில் இரண்டு மூட்டை பருத்திக்கொட்டை வாங்கியிருக்கலாமாம். அன்றைக்கு வண்டியிலேயே என் காதுக்குள் கேட்டார்: "இதுக்கு மைல் ஒத்துக்க மாட்டாங்களா கண்ணு?"