ஒரு கால் மட்டும் வந்தபோது

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். கொழுந்துச் சம்பளத்தோடு பால் காசும் சேர்ந்தால்தான் மாதம் ஓடும். இந்த முறை கன்று போட இருந்தது தலையீத்துக் கிடேரி, முதல் கன்று. ஜேர்சிக் கலப்பு, சின்ன உடம்பு. போட்டதோ பெரிய உடம்புள்ள பிரீசியன் இனத்துச் சினை ஊசி. கன்று பெருத்துவிடுமோ என்றுதான் பயந்தோம். வந்தது வேறு சிக்கல்.

சினை ஊசி போட்ட தேதியிலிருந்து ஏறத்தாழ 280 நாள் என்று கலண்டரில் குறித்திருந்தோம். கணக்குத் தப்பவில்லை. வாலடியில் இரு பக்கமும் குழி விழுந்தது, மடி இறுகியது. இரவு தண்ணிக்குடம் உடைந்து மூக்கும் ஒரு குளம்பும் தெரிந்தன. மாடு முக்கிக்கொண்டே இருந்தும் மற்றக் கால் வரவில்லை. சரியாக வரும் கன்று, ஆற்றில் பாய்கிறவன் மாதிரி முன்கால் இரண்டையும் நீட்டி, அதன்மேல் தலையை வைத்துத்தான் வரும்.

பக்கத்து லயத்து மாமா கயிறோடு வந்துவிட்டார். "புடிச்சு இழுத்துருவோம்" என்றார். நல்ல மனுசன்தான். ஆனால் கால் உள்ளே மடங்கியிருக்கும்போது இழுத்தால் கன்று இடுப்பெலும்பில் இறுகும், கருப்பையும் கிழியலாம். அம்மா அவரை வெந்நீர் போட அனுப்பிவிட்டு, மிருக வைத்தியருக்குக் கோல் எடுக்கச் சொன்னார்.

வைத்தியர் கையைத் தோள்வரை சோப்புப் போட்டுக் கழுவினார். மாடு முக்காத இடைவெளியில் கன்றை முதலில் உள்ளே தள்ளினார். எனக்குப் பகீரென்றது. காலை நிமிர்த்த இடம் வேண்டுமாம். அப்புறம் மடங்கிய காலின் குளம்பை உள்ளங்கையால் பொத்தி, கருப்பையைக் கீறாமல் மெல்ல முன்னே கொண்டுவந்தார். இரண்டு காலிலும் கயிறு மாட்டி, மாடு முக்கும்போது மட்டும், கீழ்நோக்கி இழுக்கச் சொன்னார். மாமாவுக்கும் ஒரு கயிறு கிடைத்தது.

நாகு கன்று, பெண்! மூக்குச் சளியைத் துடைத்து, வைக்கோலால் மூக்கில் கூச்சம் காட்டியதும் தும்மியது. தொப்புளுக்கு அயடின். எழும்பத் தடுமாறியதைப் பிடித்து நிறுத்திக் கடும்புப் பால், அதாவது சீம்பால், குடிக்கவிட்டோம். முதல் சில மணி நேரத்துக்குள் அது உள்ளே போயே ஆக வேண்டும். மிச்சம்தான் நமக்குக் கடும்பு.

இளங்கொடி (நஞ்சுக்கொடி) தொங்கிக்கொண்டிருந்தது. கல்லைக் கட்டிவிடலாம் என்றார் அத்தை. வைத்தியர் விடவில்லை. பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் தானாக விழும், ஒரு நாள் தாண்டினால் கூப்பிடுங்கள் என்றார். காலையிலேயே விழுந்துவிட்டது. அடுத்த முறை ஜேர்சி ஊசியே போதும் என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.