பெண்கள் வழக்குகளை நடத்த விரும்பும் சட்ட மாணவிகள் எதைப் படிக்க வேண்டும்?

சட்டம் படித்து முடித்தவர்கள் வழக்கறிஞராகத் தொழில் செய்ய எழுதும் அகில இந்திய பார் தேர்வில் 100 கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். குறிப்பு எதுவும் எழுதாத பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாத சட்டப் புத்தகம்) உள்ளே கொண்டுபோகலாம். குடும்பச் சட்டத்துக்குச் சில கேள்விகள்தான் என்பதால் பலரும் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பெண்களுக்காக வாதாடப் போகிறவர் அப்படி விடக்கூடாது. பிரிவு எண்களிலும் கவனம் வேண்டும்: 2024 ஜூலை 1 முதல் கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமைக்கான இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 498ஏ, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 ஆகிவிட்டது. ஜீவனாம்சத்துக்கான குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 125, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. தீர்ப்புகள் பெரும்பாலும் பழைய எண்ணில் இருப்பதால் இரண்டுமே மனதில் நிற்க வேண்டும்.

குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ஐ, 2006 விதிகளோடு சேர்த்துப் படியுங்கள். மனு போடுவது பிரிவு 12-இல். கேட்கும் நிவாரணங்கள் 18 முதல் 22 வரை. இடைக்கால உத்தரவு 23. மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்க முயற்சி என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் வாய்தா நீளும். அதுவரை அந்தப் பெண்ணின் வீட்டுச் செலவும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் 23-ஐ நம்பித்தான். எதிர்த்தரப்பு வருமுன் உத்தரவு வேண்டுமானால் படிவம் 3 பிரமாணப் பத்திரம் வேண்டும். ஜூனியர்கள் அதிகம் மறப்பது இதைத்தான்.

மனு எழுதும்போது "மனரீதியாகவும் உடல்ரீதியாகவும் கொடுமைப்படுத்தினார்" என்று ஒரே வரியில் முடிப்பது பெரிய தவறு. "தீபாவளிக்கு மறுநாள் இரவு, சமையலறையில், மாமியார் முன்னால் கன்னத்தில் அறைந்தார், காலையில் அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு" என்று எழுதினால் நிற்கும். தேதி நினைவில்லையா? பண்டிகை, பிள்ளையின் பிறந்தநாள், பரீட்சை என்று கேட்டுக் கேட்டு நெருங்குங்கள். நாமாக ஒரு தேதி போட்டால் குறுக்கு விசாரணையில் மொத்தமும் சரியும்.

ஜீவனாம்சம் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் எதிர் நேஹா (2020) தீர்ப்பைக் கட்டாயம் படியுங்கள். இரு தரப்பும் சொத்து, கடன் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட நாளிலிருந்து கணக்காகும். ஆகவே தாக்கல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் அவளுக்கு நட்டம். தன் சம்பளத்தை மறைக்க அவள் நினைத்தாலும் விடாதீர்கள்.

வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்று பட்டாவைப் பார்த்துக் கைவிட வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் சதீஷ் சந்தர் அஹுஜா (2020) தீர்ப்புப்படி, அதுவும் அவள் குடியிருக்கும் உரிமை கேட்கக்கூடிய 'பகிர்ந்து வாழ்ந்த இல்லம்' ஆகலாம். அவள் அங்கே குடியிருந்ததைக் காட்ட ரேஷன் கார்டு, ஆதார் முகவரி, கேஸ் புத்தகம் வாங்கி வையுங்கள்.

முதல் சந்திப்பில், கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளோடு தனியாகப் பேசுங்கள். எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைத்தால் ஆபத்தில்லை என்று கேட்டுக் கேஸ் கட்டின் மேலேயே குறித்து வையுங்கள்.