காட்பாடி, சிஎம்சி, பாகாயம்: அம்மாவோடு வேலூர் டவுன் பஸ்ஸில்

வெளியூரிலிருந்து சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு வேலூரில் முதல் செலவே ஆட்டோதான். ரயில் நிற்கும் காட்பாடி ஜங்ஷன் பாலாற்றுக்கு வடக்கே. ஆஸ்பத்திரி தெற்கே. நடுவில் ஆறேழு கிலோமீட்டர். ராத்திரியெல்லாம் தூங்காமல், கையில் பையும் ஃபைலுமாக இறங்குகிறவர் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு ஏறிவிடுகிறார். பரிசோதனை, மருந்து, ரூம் வாடகை என்று வாரக்கணக்கில் தங்க வேண்டியவர்களுக்கு இப்படித் தினமும் போகிற பணம் பெரிய பணம். நாங்கள் பவானியிலிருந்து வந்தோம். அம்மாவுக்கு நரம்பு சம்பந்தமான வைத்தியம், நடை கொஞ்சம் தள்ளாட்டம். அப்படியிருந்தும் பெரும்பாலும் டவுன் பஸ்ஸிலேயே சமாளித்தோம். அடுத்து வருகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஈரோட்டில் ஏறி, சேலம், ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடியில் இறங்கினோம். ஸ்டேஷன் வாசலில் ஒருவர் 250 ரூபாய் என்றார். பக்கத்தில் கொய்யாப்பழம் விற்ற அம்மாவிடம் பஸ் உண்டா என்று கேட்டேன். "இன்னாமா, சிஎம்சிக்கா? ஒன்னு வரும், இல்ல ரெண்டு வரும். எது வந்தாலும் ஏறு" என்றார். அதுதான் விஷயமே. ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் டவுன் பஸ்கள் காட்பாடியில் கிளம்பி, விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள், சிஎம்சி என்று ஊரை வடக்கிருந்து தெற்காகக் கடந்து பாகாயம் வரை போகின்றன. நோயாளிக்கு வேண்டிய இடங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே கோட்டில் இருக்கின்றன.

ஏறியதும் அம்மா தள்ளாடியதைக் கண்டக்டர் பார்த்துவிட்டார். என் கையில் எக்ஸ்ரே கவர். முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பையனின் தோளைத் தொட்டு, "தம்பி, எழுந்திரு, பெரியவங்க ஒக்காரட்டும்" என்றார். அம்மா உட்கார்ந்து, "எவ்வளவுங்க தம்பி?" என்று சுருக்குப் பையை அவிழ்த்தார். அவர் பணம் வாங்காமல் மகளிர் சீட்டு இரண்டைக் கிழித்துக் கொடுத்தார். எங்கள் ஊரில் ஏறும்போதெல்லாம் வாங்குகிற சீட்டுதான், ஆனால் இன்னொரு மாவட்டத்துக்காரர்களுக்கும் கொடுப்பார்களா என்று அம்மாவுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எந்த மாவட்டத்துப் பெண்ணும் எந்த ஊர் டவுன் பஸ்ஸிலும் போகலாம். ஆனால் வேலூரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இதே வழித்தடங்களில் தனியார் டவுன் பஸ்களும் ஓடுகின்றன. அவற்றில் எல்லோரும் டிக்கெட் எடுக்க வேண்டும். ஏறுவதற்கு முன் அரசு பஸ்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவசரமென்றால் தனியார் பஸ்ஸில் ஏறுவதிலும் தப்பில்லை, டவுன் பஸ் கட்டணம் ஆட்டோவோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. ஐந்து ரூபாய், பத்து ரூபாயாகச் சில்லறை வைத்துக்கொண்டால் போதும். ஷேர் ஆட்டோக்களும் உண்டு. நெருக்கி உட்கார வைப்பார்கள், அம்மாவைப் போன்றவர்களுக்கு அது சரிப்படாது.

இந்த ஊரில் வழி கேட்பது சுலபம். ஆனால் எந்த இடம் என்று சரியாகச் சொல்லிக் கேட்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட் என்று மட்டும் கேட்டால் எது என்று திருப்பிக் கேட்பார்கள். பழைய பஸ் ஸ்டாண்ட் கோட்டைக்குப் பக்கத்தில், சிஎம்சியிலிருந்து நடக்கிற தூரம். புது பஸ் ஸ்டாண்ட் கிரீன் சர்க்கிள் அருகே, செல்லியம்மன் கோயிலுக்கு எதிரே. புதுப்பித்துக் கட்டி 2022-இல் திறந்தார்கள். சென்னை, பெங்களூர் போன்ற தூரத்து ஊர்களுக்கு அங்கே போக வேண்டும். ரயில் ஸ்டேஷனும் அப்படித்தான். காட்பாடி தவிர, காட்பாடி–விழுப்புரம் பாதையில் வேலூர் கன்டோன்மென்ட், வேலூர் டவுன் என்று வேறு இரண்டு உண்டு. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் கன்டோன்மென்ட் ஸ்டேஷன்தான் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட. சென்னை பீச்சிலிருந்து கன்டோன்மென்ட் வரை வந்துகொண்டிருந்த ரயிலை 2024-இல் திருவண்ணாமலை வரை நீட்டித்துவிட்டார்கள். ஈரோடு, சேலம்காரர்களுக்குக் காட்பாடியை விட்டால் வேறு வழியில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், சிஎம்சி என்பதே ஓரிடத்தில் இல்லை என்பது. 1900-இல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது இன்று ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. ஊர் நடுவில் பெரிய ஆஸ்பத்திரி, ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை, பாகாயத்தில் மருத்துவக் கல்லூரி வளாகம், இவை போக சென்னை நெடுஞ்சாலையில் ரத்தினகிரிப் பக்கம் ராணிப்பேட்டை வளாகம். கடைசியாகச் சொன்னது 2022-இல் வந்தது, பல ஊர்களில் இன்னும் தெரியாது. அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று போட்டிருக்கும். முதல் நாள் ராத்திரியே அதைப் படித்துவிட்டுப் படுங்கள். எங்கள் பக்கத்து ரூமில் இருந்த தர்மபுரிப் பெரியவருக்கு ராணிப்பேட்டை வளாகம் என்று வந்திருந்தது. ஆற்காடு போகும் பஸ்ஸில் ஏறி, ராணிப்பேட்டை சிஎம்சி என்று கண்டக்டரிடம் சொல்லி இறங்கினார். அது வெளியூர் பஸ் என்பதால் கூடப்போன அவர் மனைவிக்கும் டிக்கெட் உண்டு.

நாங்கள் பாகாயம் பக்கம் சமையல் வசதியோடு ஒரு ரூம் பிடித்தோம். காந்தி ரோடு லாட்ஜ்கள் ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம்தான், ஆனால் வாடகையும் நெரிசலும் கூடுதல். வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் ஏராளம், கடைப் பலகைகளில் வங்காள எழுத்தே இருக்கும். பாகாயத்தில் தங்கியதில் இன்னொரு லாபம், பஸ் கிளம்பும் இடத்திலேயே ஏறலாம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகிற நாட்களில் அம்மாவால் நிற்கவே முடியாது. அங்கே ஏறினால் உட்கார இடம் நிச்சயம். இரண்டு நிறுத்தம் தள்ளி ஏறினாலும் அந்த உறுதி கிடையாது. காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி ஊழியர் கூட்டம் ஒன்றாகச் சேரும். ஏழு மணிக்கே கிளம்பிவிட்டால் அம்மாவுக்குச் சிரமம் இல்லை. பஸ் நின்ற பிறகு எழுந்தால் போதும் என்று கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்போம். ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. சிஎம்சி நிறுத்தம் வந்ததும், "ஆஸ்பத்திரிக்காரங்க மெதுவா எறங்குங்க" என்று சொல்லிவிட்டு விசில் ஊதாமல் நிற்பார்கள். அந்தப் பொறுமைக்கு நான் வாழ்நாளெல்லாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

ரிசல்டுக்காகக் காத்திருந்த நாட்களில் கோட்டைக்கு நடந்தே போய் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டோம். திருமலைக்கோடி பொற்கோயிலுக்கும் பஸ்ஸிலேயே போய்வந்தோம். அங்கே உள்ளே நடை அதிகம், முடியாதவர்கள் யோசித்துச் செல்லவும்.

முடியாதபோது ஆட்டோ எடுக்கத்தான் வேண்டும். ஊசி போட்டு மயக்கமாக இருந்த நாளிலும், மழை பிடித்த சாயங்காலத்திலும் நாங்களும் எடுத்தோம். ஏறும் முன் தொகையைப் பேசிவிடுங்கள்.

திரும்பும் பயணத்துக்கு ஒரு விஷயம். புற்றுநோய் போன்ற சில நோய்களுக்கு வைத்தியம் எடுத்துக்கொள்கிற நோயாளிக்கும் கூட வருகிற ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ரயில்வே கவுன்டரில் கொடுக்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும் அன்று அலையாமல், முன்னதாகவே கேட்டு வாங்கிவிடுங்கள். சாயங்காலம் கிரீன் சர்க்கிளிலும் பாலாற்றுப் பாலத்திலும் வண்டிகள் ஊர்ந்துதான் போகும், ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள். ராத்திரி ரயில் என்றால் இருட்டுவதற்குள் டவுன் பஸ்ஸில் காட்பாடி சேர்ந்து, ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் உட்கார்ந்துவிடுவது நல்லது. ராத்திரியில் பஸ் குறைந்துவிடும், ஆட்டோ கட்டணம் ஏறிவிடும்.