கலிஃபோர்னியாவில் டிக்கெட்டுக்குப் பிறகு டிராஃபிக் ஸ்கூல்: கோர்ட்டிலிருந்து டிஎம்வி பதிவு வரை

‘டிராஃபிக் ஸ்கூல்’ எனப்படும் ஓட்டுநர் வகுப்பை இணையத்தில் முடித்துவிட்டால், சாலை விதிமீறலுக்குப் போலீஸ் கொடுத்த டிக்கெட் ரத்தாகிவிடும் என்று கலிஃபோர்னியாவில் கார் ஓட்டும் நம்மவர்களில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நடைமுறையைத் தொடக்கம் முதல் முடிவு வரை நான் கடந்து வந்திருக்கிறேன். டிக்கெட் ரத்தாவதில்லை, அபராதம் குறைவதில்லை, சொல்லப்போனால் கட்ட வேண்டிய தொகை கூடுகிறது. கிடைப்பது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் குற்றப் பதிவை டிஎம்வி (லைசென்ஸ் வழங்கும் மாநில வாகனத் துறை) ரகசியமாக வைத்துக்கொள்வதால், அதற்குரிய பாயின்ட் (ஓட்டுநர் பதிவில் விழும் குறைப் புள்ளி) இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பார்வைக்குப் போகாமல் இருக்கிறது. அந்த ஒன்று மிகப் பெறுமதியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் வகுப்பில் தீர்மானமாவதில்லை; அதற்கு முன்னால், கோர்ட்டோடு நாம் நடந்துகொள்ளும் விதத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. எனவே அந்தப் பகுதியைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு வந்தது ஸ்டாப் சைன் டிக்கெட். கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 22450-ஆம் பிரிவின்படி, ஸ்டாப் சைன் உள்ள இடத்தில் சாலையில் வரையப்பட்ட வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் வண்டி முழுமையாக நிற்க வேண்டும். கோடு இல்லாவிட்டால் பாதசாரிகள் கடக்கும் இடத்துக்கு முன்னால், அதுவும் இல்லாவிட்டால் சந்திப்புக்குள் நுழைவதற்கு முன்னால் நிற்க வேண்டும். வேகத்தை வெகுவாகக் குறைப்பது நின்றதாகக் கணக்கில் வராது. போலீஸ் அதிகாரி டிக்கெட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டபோது பக்கத்தில் இருந்த என் மனைவி, “கையெழுத்துப் போட்டால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?” என்று பதறினாள். அப்படி ஆகாது. குறித்த தேதிக்குள் கோர்ட்டுக்குப் பதில் சொல்கிறேன் என்ற உறுதிமொழி மட்டுமே அந்தக் கையெழுத்து. அதற்கு மறுப்பதுதான் வீண் சிக்கலை வரவழைக்கும்.

அடுத்து வருவது கோர்ட் தபாலில் அனுப்பும் நினைவூட்டல் அறிவிப்பு. கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, டிராஃபிக் ஸ்கூலுக்குத் தகுதி உண்டா என்ற விவரம் ஆகியவை அதில்தான் இருக்கும். இது நம் லைசென்ஸில் உள்ள முகவரிக்கு வருகிறது. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் நம்மவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். வீடு மாறினால் 10 நாட்களுக்குள் டிஎம்விக்குப் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அறிவிப்பு வந்து சேரவில்லை என்பதைக் கோர்ட் ஒரு காரணமாக ஏற்பதில்லை. தபால் வராவிட்டாலும் டிக்கெட்டில் உள்ள எண்ணைக் கொண்டு கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) கோர்ட்டின் இணையதளத்தில் தேடிப் பார்த்துவிடலாம். கெடு தேதிக்குள் எதுவுமே செய்யாமல் விட்டால், அபராதத்தோடு 100 டாலர் வரை கூடுதல் தண்டத்தொகை சேரக்கூடும். 2022-க்கு முன்பு இந்தத் தொகை 300 டாலர் வரை இருந்தது. கோர்ட்டுக்கு வருவதாகக் கையெழுத்திட்டுவிட்டு வராமல் இருப்பது தனிக் குற்றமாகவும் ஆகலாம்.

தொகையைப் பார்த்ததும் யாருக்கும் ஒரு கணம் குழப்பம் வரும். ஸ்டாப் சைன் மீறலுக்குச் சட்டம் விதித்திருக்கும் அடிப்படை அபராதம் 35 டாலர். அறிவிப்பில் இருந்ததோ 238 டாலர். அந்த 35-ஐப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்துக்கும், மிஞ்சும் பின்னத்துக்கும் சேர்த்து, மாநிலத் தண்டவரி 10 டாலர் வீதம் 40 டாலர் ஆகிறது. கவுன்டியின் பங்கு 7 டாலர் வீதம் 28 டாலர். கோர்ட் கட்டடங்களுக்கு ஒரு பங்கு, டிஎன்ஏ தரவுத்தளத்துக்கு ஒரு பங்கு, அவசர மருத்துவச் சேவைக்கு ஒரு பங்கு. அடிப்படைத் தொகையில் 20 சதவீத மேல்வரியாக 7 டாலர். இவற்றுக்கும் மேல் கோர்ட் நடத்தும் செலவுக்கென 40 டாலரும், குற்றத்தீர்ப்புக்கான கட்டணமாக 35 டாலரும். ஒரு சிறிய அபராதத்தின் முதுகில் இத்தனை நிதிச் சுமைகளை ஏற்றிவைப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு இது ஒரு வார மளிகைச் செலவுக்கு மேல். வருமானம் குறைந்தவர்கள் ‘மைசைட்டேஷன்ஸ்’ என்ற இணையவழி வசதியில், தொகையைக் குறைக்கும்படியோ தவணையில் கட்ட அனுமதிக்கும்படியோ கோர்ட்டிடம் விண்ணப்பிக்கலாம். இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

இனி, மொத்த நடைமுறையில் எல்லாவற்றையும்விட முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கோர்ட்டின் இணையதளத்தில் ‘அபராதத்தைக் கட்டுக’ என்பதும் ‘டிராஃபிக் ஸ்கூலுக்குக் கோருக’ என்பதும் தனித்தனித் தேர்வுகள். முதலாவதை அழுத்திப் பணத்தைக் கட்டினால், குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகப் பதிவாகி வழக்கு முடிந்துவிடுகிறது. பாயின்ட்டும் டிஎம்விக்குப் போய்விடுகிறது. இரண்டாவதைத் தேர்ந்தால் அதே அபராதத்தை முழுமையாகக் கட்டி, அதற்கு மேல் திருப்பித் தரப்படாத நிர்வாகக் கட்டணமாக ஏறத்தாழ 50 டாலரும் கட்ட வேண்டும்; அதன் பிறகே வகுப்பை முடிப்பதற்குக் கோர்ட் ஒரு கெடு கொடுக்கிறது. என்னுடன் பணிபுரியும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர், டிக்கெட் கிடைத்த வாரமே முழுத்தொகையையும் கட்டிவிட்டார். “கடனை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று உடனே கட்டிவிட்டேன் அண்ணா, இனி வகுப்பை மட்டும் முடித்துவிட்டால் போதும்தானே?” என்று என்னிடம் கேட்டார். அவர் பின்னர் கோர்ட்டில் வைத்த கோரிக்கை ஏற்கப்படவில்லை. சீக்கிரம் கட்ட வேண்டும் என்ற நல்ல எண்ணமே அவருக்கு மூன்று வருடப் பாயின்ட்டாக முடிந்தது. ஆகவே வகுப்புக்குப் பெயர் கொடுக்கும் முன்னால் கோர்ட்டின் அனுமதி கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வகுப்பை மட்டும் முடித்த சான்றிதழால் தனியாக எந்தப் பயனும் இல்லை.

தகுதியைப் பொறுத்தவரை, ஒரு பாயின்ட் தரும் சாதாரண மீறலாக இருக்க வேண்டும். செல்லுபடியாகும் லைசென்ஸ் வேண்டும். வணிக வாகனத்தை ஓட்டும்போது நடந்ததாக இருக்கக் கூடாது. கடந்த 18 மாதங்களில் வேறொரு மீறலுக்காக டிராஃபிக் ஸ்கூல் போயிருக்கக் கூடாது. வேக வரம்பை 25 மைலுக்கு மேல் தாண்டிய டிக்கெட்டுக்குக் கோர்ட் அலுவலகம் அனுமதி தராது. நீதிபதியிடம்தான் கேட்க வேண்டும். கைப்பேசியைக் கையில் பிடித்ததற்கான முதல் டிக்கெட்டுக்குப் பாயின்ட் கிடையாது என்பதால் அதற்கு டிராஃபிக் ஸ்கூல் தேவைப்படுவதில்லை. ஆனால் 36 மாதங்களுக்குள் இரண்டாவது முறை பிடிபட்டால் பாயின்ட் உண்டு.

டிக்கெட்டை எதிர்த்து வாதாடலாமா என்று நானும் யோசித்தேன். நேரில் போகாமலேயே எழுத்து மூலம் விளக்கம் அனுப்பி விசாரணை கோர இங்கு வழி உண்டு. அபராதத் தொகையை முன்கூட்டியே வைப்பாகக் கட்ட வேண்டும், வென்றால் அது திரும்பி வரும், தோற்றால் புதிதாக நேரடி விசாரணை கேட்கலாம். ஆனால் விசாரணையில் தோற்ற பிறகு டிராஃபிக் ஸ்கூல் தருவதா வேண்டாமா என்பது நீதிபதியின் முடிவு. எதிர்க்க வலுவான ஆதாரம் என்னிடம் இல்லாதபோது, உறுதியாகக் கிடைக்கக்கூடிய ஒன்றைப் பணயம் வைப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியது.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பது எளிது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. கலிஃபோர்னியாவில் 2011 முதல் எல்லா வகை டிராஃபிக் ஸ்கூல்களும், இணையவழியில் நடப்பவை உட்பட, டிஎம்வியின் உரிமத்தின்கீழ் வந்துவிட்டன. உரிமம் பெற்ற பள்ளிகளின் பட்டியல் டிஎம்வி இணையதளத்திலேயே இருக்கிறது. தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தாமல், அந்தப் பட்டியலில் பெயரைச் சரிபார்த்துவிட்டுப் போவதே நல்லது. விளம்பரத்தில் இருக்கும் மிகக் குறைந்த விலை கடைசிப் பக்கத்தில் அப்படியே இருப்பதில்லை. நான் சேர்ந்த பள்ளியில் பாடத்தை ஒலிவடிவில் கேட்க ஒரு கட்டணம், முடிவை ‘விரைவாக’ அனுப்ப ஒரு கட்டணம், சான்றிதழின் நகலுக்கு ஒரு கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் முன்பாகவே டிக் குறி இடப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் நீக்கினேன். முடித்த தகவலை டிஎம்விக்கு மின்னணு முறையில் அனுப்புவது பள்ளியின் கடமை. அதற்கென நாம் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. கெடு நாளைக்கு என்ற நெருக்கடியில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்த ‘விரைவு’ பயன்படலாம்.

வகுப்பை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. வகுப்பறையில் ஒரு நாள் முழுக்க உட்காரும் அளவுக்கான பாடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்; விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிள்ளைகள் உறங்கிய பிறகு சில மாலைகளில் நான் அதை முடித்தேன். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்; அது முடியும் வரை ‘அடுத்து’ என்ற பொத்தான் சாம்பல் நிறத்தில் செயலற்றுக் கிடக்கும். இடையிடையே, படிப்பது நாம்தான் என்று உறுதிசெய்ய, தொடக்கத்தில் நாம் கொடுத்த சொந்த விவரங்களிலிருந்து கேள்விகள் வரும். அத்தியாய முடிவில் சிறு வினாத்தாள் உண்டு.

பலரும் இதை ஒரு சடங்காக நினைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் ஒவ்வொரு பக்கத்தையும் படித்தேன், படித்ததற்காக மகிழ்கிறேன். ஊரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கைகளோடு இங்கே வந்து, கையேட்டை ஒருமுறை புரட்டி லைசென்ஸ் வாங்கிய நம்மில் பலருக்கு, தினமும் செய்யும் காரியங்களிலேயே ஓட்டைகள் இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, நான்கு பக்கமும் ஸ்டாப் சைன் உள்ள சந்திப்பில் இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் வந்து நின்றால் யாருக்கு முதல் உரிமை என்ற கேள்வி வந்தது. முதலில் வந்தவர் முதலில் போகலாம்; ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கம் உள்ளவருக்கு வழிவிட வேண்டும். இதில் கையசைத்து ஒருவருக்கொருவர் மரியாதை காட்டுவது குழப்பத்தையே தருகிறது என்பதை அந்தப் பாடத்தில் வந்த படங்கள் நன்றாக விளக்கின. வலப்பக்கம் திரும்பும்போது சைக்கிள் தடத்தைக் கடைசி நொடியில் குறுக்கே வெட்டக் கூடாது. சந்திப்புக்கு 200 அடிக்குள், பின்னால் சைக்கிள் வரவில்லை என்று பார்த்துவிட்டு, அந்தத் தடத்துக்குள் நுழைந்து பிறகு திரும்ப வேண்டும். எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் இதை நேர்மாறாகவே செய்கிறார்கள். சைக்கிளைத் தாண்டும்போது பக்கத்துத் தடம் காலியாக இருந்தால் அதற்கு மாறித்தான் தாண்ட வேண்டும் என்பது 2023 முதல் சட்டம். மணிக்கு 55 மைல் வேகத்தில் ஆபத்தைக் கண்டு முழுமையாக நிற்க ஏறத்தாழ 400 அடி தேவைப்படும் என்பதைப் படித்த மறுநாள், நெடுஞ்சாலையில் முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

இறுதித் தேர்வு 25 கேள்விகள். 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. பாடத்தைப் படித்தவர்களுக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை.

முடித்த பிறகு செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘வாழ்த்துகள்’ என்ற திரை வந்ததும் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடுவது இயல்பு. பள்ளி தகவலை அனுப்பியதா, அது கோர்ட்டின் கணக்கில் ஏறியதா என்பதை நாமே உறுதிசெய்ய வேண்டும். எனக்குப் பள்ளி ‘அனுப்பிவிட்டோம்’ என்றது. கோர்ட் இணையதளமோ சில நாட்கள் ‘நிலுவை’ என்றே காட்டியது. பள்ளி தந்த முடிப்பு எண்ணையும் மின்னஞ்சலையும் சேமித்து வைத்திருந்ததால் பதற்றமின்றிக் காத்திருந்தேன், அது மாறியது. கெடுவின் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டிருந்தால் அந்தச் சில நாட்களே வினையாகியிருக்கும். பிறகு டிஎம்வி இணையதளத்தில் 2 டாலர் கட்டி என் ஓட்டுநர் பதிவின் நகலை எடுத்துப் பார்த்தேன். அந்த மீறல் அதில் இல்லை.

இன்ஷூரன்ஸில் இதன் பயன் என்ன என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல். 1988-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 103-ஆம் முன்மொழிவின்படி, கலிஃபோர்னியாவில் வாகனக் காப்பீட்டுக் கட்டணத்தை நிர்ணயிப்பதில் ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவுதான் முதல் அளவுகோல். மூன்று ஆண்டுகளில் ஒரு பாயின்ட்டுக்கு மேல் இல்லாதவர்களுக்கு, மற்ற தகுதிகளும் இருந்தால், குறைந்தது 20 சதவீத ‘நல்ல ஓட்டுநர்’ தள்ளுபடி கிடைக்கும். ஒரே ஒரு பாயின்ட்டால் அந்தத் தள்ளுபடி போய்விடாது; ஆனால் அந்த ஒன்று பதிவில் இருக்கும்போது இன்னொரு டிக்கெட் வந்தால் போய்விடும். டிராஃபிக் ஸ்கூல் முதல் பாயின்ட்டை மறைத்து வைப்பதன் அருமை அங்கேதான் தெரியும். இரண்டு கார்களும் அண்மையில் லைசென்ஸ் எடுத்த பிள்ளையும் உள்ள வீட்டில், கோர்ட்டுக்குக் கூடுதலாகக் கட்டிய 50 டாலரையும் வகுப்புக் கட்டணத்தையும் இந்தச் சேமிப்பு எளிதில் ஈடுகட்டிவிடும்.

18 மாதக் கணக்கு வகுப்பை முடித்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. ஒரு மீறல் நடந்த தேதியிலிருந்து அடுத்த மீறல் நடந்த தேதி வரை எண்ணுகிறார்கள். டிக்கெட்டின் நகலை வண்டியின் பதிவுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருங்கள், அந்தத் தேதி அதில்தான் இருக்கிறது.