தொம்பை: யாளி வால் வளைந்த கதை

யாளியின் வால் ஒருவழியாக வளைந்துவிட்டது. சுருக்கம் இல்லை, பிசிறு இல்லை, மஞ்சள் ஓரத்துக்கும் தையலுக்கும் நடுவே சிவப்புத் துணி எங்கும் எட்டிப் பார்க்கவில்லை. தேரில் தொங்கவிடும் உருளை வடிவத் துணி அலங்காரமான தொம்பையில் சின்னதாக ஒன்றை முழுக்க வீட்டிலேயே தைப்பது என்று தொடங்கிய வேலையில் என்னை அதிகம் படுத்தியெடுத்தது இந்த வால்தான். உடம்பு, பிடரி, நகம் எல்லாம் மளமளவென்று முடிந்தன.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தவர்களுக்குத் தொம்பை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கும்போது, மேலே நாம் பார்ப்பது பெரும்பாலும் மூங்கிலும் துணியும்தான். அந்தத் துணியில் இருக்கும் யாளி, மயில், கிளி எல்லாம் வண்ணத் துணியில் வெட்டி வைத்துத் தைத்தவை. நான் எடுத்திருப்பது இரண்டடி உயரம். சிவப்புப் பருத்தித் துணிமேல் மஞ்சள் யாளி, பச்சைப் பிடரி, வெள்ளைப் பல், உள்ளே காடாத் துணி.

வீட்டில் அம்மாவின் கறுப்புக் கால் மிஷின் இருக்கிறது. நேர்த்தையல் மட்டும் போடும். நான் பழையதாக வாங்கிய ஜிக்ஜாக் மிஷின் இன்னொன்று. பக்கத்து வீட்டு அக்கா பிளவுஸ் தைக்கும் பவர் மிஷினும், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக்கும் கேட்டால் கிடைக்கும். ஒரு தொம்பைக்கு இத்தனை எதற்கு, எல்லா வேலையும் செய்யும் ஒரே மிஷின் வாங்கிவிடலாமே என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காரணம் ஊசி இறங்கும் தகட்டிலேயே இருக்கிறது. ஜிக்ஜாக் போட வேண்டுமானால் ஊசி இடமும் வலமும் ஆட வேண்டும். அதற்குத் தகட்டில் இடவலமாக நீண்ட துளை வேண்டும். அதே துளையில் மெல்லிய துணிக்கு நேர்த்தையல் போட்டால் ஊசி துணியையும் சேர்த்து உள்ளே அமுக்கும், தையல் நெளியும். அம்மாவின் மிஷினில் ஊசி மட்டும் நுழையும் சின்ன வட்டத் துளை. அதனால்தான் அந்த நேர்த்தையல் கோடு போட்டது போல விழுகிறது. தொம்பையின் கரைப் பட்டைகள் எல்லாவற்றையும் அதில்தான் தைத்தேன். மின்சாரம் போனாலும் வேலை நிற்காது.

பவர் மிஷினில் வாலைத் தைக்க முயன்றது வீண். ஜூக்கி டிடிஎல் 8700 போன்றவை நிமிடத்துக்கு 5500 தையல் வரை போகக்கூடியவை. வேட்டிக் கரையையும் திரைச்சீலையையும் நேராக ஓட்ட அதற்கு ஈடு கிடையாது. ஆனால் வளைவில் எனக்கு வேண்டியது வேகம் அல்ல, நினைத்த இடத்தில் ஊசி நிற்பது. பழைய கிளட்ச் மோட்டாரில் அது கைகூடுவதில்லை. போதாக்குறைக்கு, தைக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அது ஓடி மின்சாரம் தின்கிறது. ஊசியைக் கீழே நிறுத்தும் வசதியோடு வரும் சர்வோ மோட்டார் என்றால் சங்கதி வேறு. அக்காவிடம் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது வாலுக்கு வருகிறேன். ஜிக்ஜாக்கை நெருக்கி, இடைவெளி தெரியாமல் ஓரத்தை மூடுவதுதான் வேலை. அகலம் மூன்றரை மில்லிமீட்டர், தையல் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் கீழே. இந்த நெருக்கத்தில், துணியை அழுத்திப் பிடிக்கும் சாதாரணப் பாதம் ஒத்துவராது. தையல் தடித்து மேலெழும்புவதால் பாதம் அதன்மேல் ஏறி நின்றுவிடும், நூல் ஒரே இடத்தில் குவியும். அடியில் பள்ளம் செதுக்கிய பாதம் வேண்டும். கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் தேடி வாங்கினேன்.

அடுத்தது டென்ஷன், அதாவது நூலின் இழுவை. மேல்நூலைச் சற்றுத் தளர்த்தினால் அது ஓரங்களில் துணிக்கு அடியில் இறங்கும். அடிநூல் மேலே தலைகாட்டாது. என் மிஷினில் அடிநூல் உருளையை வைக்கும் பாபின் கேஸில் நீட்டிக்கொண்டிருக்கும் விரலில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அடிநூலை அதன் வழியாகவும் கோத்து எடுத்தால் இழுவை கூடும். ஸ்குரூவைத் தொடவே வேண்டாம். இந்த ஓட்டை எதற்கு என்று மிஷின் விற்றவர் சொல்லவில்லை. பழுது பார்க்கும் தம்பிதான் சொன்னார். "அக்கா, கேன்வாஸை எடுத்துவிட்டு அடியில் பட்டர் பேப்பர் வைத்துப் பாருங்கள்" என்றதும் அவர்தான். தைக்கும்போது துணி சுருங்காமலிருக்க அடியில் கேன்வாஸ் வைத்திருந்தேன். அதில் தொம்பை விறைத்துப் போகிறது, காற்றில் அசையாது. பேப்பர், தைத்து முடித்ததும் துளை வழியே கிழிந்து வந்துவிடுகிறது.

ஆனால் உண்மையான சூட்சுமம் திருப்புவதில் இருக்கிறது. வால் வெளிப்பக்கம் புடைக்கும் இடத்தில் ஊசி சிவப்புத் துணியில், அதாவது உருவத்துக்கு வெளியே இறங்கி நிற்க வேண்டும். அப்போது பாதத்தைத் தூக்கித் துணியை இம்மியளவு திருப்பி, மறுபடி நாலைந்து தையல். வால் உள்பக்கம் குழியும் இடத்தில் நேர்மாறு: ஊசி மஞ்சள் துணிக்குள் நிற்கும்போதுதான் திருப்ப வேண்டும். மாற்றித் திருப்பினால் தையலுக்கு நடுவே ஆப்பு வடிவத்தில் இடைவெளி விழுகிறது. அதை எந்த நூலாலும் மறைக்க முடியாது. யாளி வாலோ ஒரு சுற்றுச் சுற்றி நுனியில் எதிர்ப்பக்கம் சுருள்வது. ஒரே வாலில் இரண்டு வகைத் திருப்பமும் வரும். நுனியில் மிஷினை ஓட்டவே இல்லை, கைச்சக்கரத்தை உருட்டியே முடித்தேன். முழங்காலால் தள்ளினால் தையலின் அகலம் கூடிக் குறையும் எம்ப்ராய்டரி மிஷின்காரர்கள் இதே நுனியை நிறுத்தாமல் கூர்மையாக்கிவிடுவார்கள். அந்தக் கைப்பழக்கத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

ஊசி பற்றி ஒரு வார்த்தை. 14ஆம் எண் என்று கேட்டால் மட்டும் போதாது. வீட்டு மிஷின் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டை, பவர் மிஷின் ஊசிக்கு முழு உருண்டை. ஒரு கடையில் இரண்டும் ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லி உருண்டையைக் கட்டிக் கொடுத்தார்கள். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால், மேல்நூலை அடிநூலோடு கோக்கும் ஷட்டிலின் முனை நூல் வளையத்தைப் பிடிக்காது, தையல் விட்டுவிட்டு விழும். உறையில் வீட்டு மிஷினுக்கு எச்ஏ, பவருக்கு டிபி என்று இருக்கும், பார்த்து வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நம் ஊரில் ஊசி துருப்பிடிக்கும். துருவேறிய ஊசி ரேயான் நூலை நார்நாராக்கும்.

இன்னொரு யோசனை ஓடுகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டையின் வாயைத் தைக்கும் கைமிஷினைக் கவனித்திருப்பீர்கள். ஒற்றை நூல் சங்கிலித் தையல். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுதும் உருவிக்கொண்டு வரும். மூட்டைக்கு அது வசதி. தொம்பையில் துணி அடுக்குகளை நகராமல் தற்காலிகமாகப் பிடிக்கவும் அதே தையல்தான் வேண்டும். மெல்லிய ஊசியோடு பழைய சங்கிலித்தையல் மிஷின் அகப்பட்டால் கைத்தையல் வேலை பாதி மிச்சமாகும்.

யாளிக்கு இன்னும் கண் வைக்கவில்லை. கீழ்த் தொங்கல்களை உருளையாக மூடுமுன் தட்டையாக வைத்தே தைத்துவிடுவேன். மூடும் தையலுக்கு உள்பக்கம் மட்டும் அக்காவின் ஓவர்லாக். மேல் வளையத்துக்கான பட்டையைத்தான் மூடிய பிறகு தைத்தாக வேண்டும், அதற்குத் தட்டை மேடை மிஷின் எதுவும் உதவாது. செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும், ஒல்லியாக நீண்ட கையும் எந்தத் திசைக்கும் திரும்பும் பாதமும் உள்ள மிஷின் வேண்டும். மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கம் பழையது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். துரு இருந்தாலும் பரவாயில்லை, ஷட்டில் மட்டும் தேயாமல் இருக்க வேண்டும்.