பேலட்டை உடைப்பது ஆபரேட்டர் மட்டுமா?

சரக்கை அடுக்கி வைக்கும் மரத்தட்டான பேலட் உடைந்தால் தீர்ப்பு உடனே வந்துவிடும்: ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் சரியில்லை. மதுரைப் பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில், ஃபோர்க்லிஃப்டுக்கு வேண்டிய ஃபோர்க், அட்டாச்மென்ட் எல்லாம் செய்து கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் டிசைன் வேலை பார்க்கிறேன். போகிற குடோனில் எல்லாம் இதே தீர்ப்புதான். முதலாளி சொல்வார், சூப்பர்வைசர் சொல்வார், சில நேரம் லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர்கூடச் சொல்வார். ஆபரேட்டர் மட்டும் வாயே திறக்காமல் வண்டியில் உட்கார்ந்திருப்பார். முரட்டுத்தனமாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் சேதத்தில் பெரும்பங்கு ஃபோர்க்கின் வடிவத்திலேயே இருக்கிறது என்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பட்டது. அந்த வடிவத்தை முடிவு செய்வது ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்கள், இல்லையென்றால் பர்ச்சேஸில் கிலோ என்ன விலை என்று கேட்பவர்கள்.

ஃபோர்க் என்பது வண்டிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு எல் வடிவக் கைகள். நிமிர்ந்த பகுதி, ஏறி இறங்கும் சட்டமான கேரியேஜில் கொக்கி போட்டு மாட்டும். படுத்திருக்கும் பகுதி பிளேடு. இரண்டும் சேரும் வளைவுக்கு ஹீல் என்று பெயர். மூன்று டன் வண்டிக்கு 45 எம்எம் கனம், 125 அகலம், 1070 நீளம் என்பது சாதாரணமாகப் புழங்கும் அளவு. ஆர்டர் கொடுப்பவர்கள் எங்களிடம் கேட்பது எல்லாம் டன் கணக்குதான். ஹீல் தாங்குமா, வளையுமா, டெஸ்ட் சர்டிஃபிகேட் தருவீர்களா? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஹீல் முறிந்தால் ஆள் போய்விடுவான். ஆனால் நுனி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இத்தனைக்கும் பேலட்டை முதலில் தொடுவது அந்த நுனி.

சுமை ஃபோர்க்கை வளைக்கப் பார்ப்பது அதிகமாக ஹீலில்தான். முன்னால் போகப் போக அது குறைந்து, நுனியில் ஒன்றுமே இல்லாமல் போகிறது. அதனால் நுனி வரைக்கும் அதே கனம் தேவையில்லை, இரும்புதான் வீண். எங்கள் ஃபிட்டர் ஒருவர் இதை ஒரே வரியில் முடித்துவிட்டார்: “தோசைத் திருப்பி மாதிரி சார், பிடிகிட்ட கனம், வாய்கிட்ட மெலிசு.” சரியாகச் சொன்னால் மேல்பக்கம் மட்டமாகவே இருக்கும், சுமை உட்கார வேண்டுமே. அடிப்பக்கம்தான் சரிந்து மேலேறி, நுனியில் 10 எம்எம்மை ஒட்டி வந்து நிற்கும். இந்தச் சரிவு பிளேடின் முன்பகுதியில் மட்டும் இருக்கிறதா, நீளம் முழுக்க ஓடுகிறதா என்பதில்தான் விலை வித்தியாசம் வருகிறது. முழுச் சரிவுக்குக் கொஞ்சம் கூட ஆகும். பர்ச்சேஸ்காரர் அங்கேதான் கத்தியை வைப்பார்.

ஒரு ரப்பர் கம்பெனி குடோனுக்குப் போனபோது பார்த்ததைச் சொல்கிறேன். மதுரையில் ரப்பர் தொழிலுக்குப் பஞ்சமில்லை. கார்பன் பிளாக் என்ற கரித்தூள் மூட்டை அடுக்காத ரப்பர் கம்பெனியும் இல்லை. ஒரு மூட்டை கிழிந்தால் என்ன ஆகும் என்பது பக்கத்தில் நின்றவருக்குத்தான் தெரியும். தரை, சட்டை, மூக்கு எல்லாம் கறுப்பு. அடுத்த பேலட்டில் வெள்ளையாக அடுக்கியிருந்த சைனா கிளே மூட்டையும் கறுப்பு. தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் என்று யாராவது ஆரம்பித்தால் கதை முடிந்தது. அங்கே கோரிக்கை: “நுனியை நல்லா மழுக்கிக் குடுங்க சார், மூட்டையைக் குத்துது.” அதே வாரம் வேறொரு கம்பெனியில் நேர் எதிராகக் கேட்டார்கள்: “நுனி தடியா இருக்கு, பேலட்டுக்குள்ள போக மாட்டேங்குது, மெலிசாக்குங்க.” இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

குடோனுக்குப் போனால் நான் முதலில் தேடுவது உடைந்த பேலட்டுகளைக் குவித்திருக்கும் மூலையை. வண்டி பிறகு. உடைந்த பலகை பொய் சொல்லாது, ஆள் மேல் பழியும் போடாது. மேல்தட்டின் முதல் பலகை அடியிலிருந்து சிராய்ந்து பிளந்திருந்தால் நுனி மேல்நோக்கி நுழைந்திருக்கிறது. மேல்தட்டைத் தாங்கும் ஓரக் கட்டையின் முகத்தில் பள்ளம் இருந்தால் ஃபோர்க் இடைவெளி சரியில்லை, இல்லையென்றால் வண்டி கோணலாக வந்திருக்கிறது. கீழ்ப்பலகை முன்னால் தள்ளப்பட்டு ஆணி நிமிர்ந்து நின்றால் நுனி மிகத் தாழ்வு. பின்பக்கம் உடைந்திருந்தால் பெரும்பாலும் அந்த பேலட்டைத் தூக்கிய வண்டி உடைத்திருக்காது. அதற்கு அந்தப் பக்கம் இருந்த பேலட்டை எடுக்க வந்த வண்டி, நீளமான ஃபோர்க்கால் இதைக் குத்தியிருக்கும்.

இந்தக் கடைசி வகை நம் ஊரில் சர்வசாதாரணம். இங்கே அதிகம் புழங்குவது 1200-க்கு 1000 எம்எம் பேலட். நீளவாட்டில் நுழைந்தால் 1070 ஃபோர்க்குக்கு முன்னால் இன்னும் 130 எம்எம் இடம் இருக்கும். குறுக்குவாட்டில் நுழைந்தால் 70 எம்எம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பின்னால் அடுக்கியிருக்கும் மூட்டைக்கு அந்த 70 போதும். 920 நீளத்தில் ஃபோர்க் கிடைக்கிறது, ஆனால் வண்டியோடு வந்ததை மாற்ற யாருக்கும் மனசு வராது. முழுக்க நுழையாமல் 70 எம்எம் முன்னாலேயே நின்று தூக்கலாம்தான். அப்போது சுமையின் மையம் அந்த அளவுக்கு வெளியே தள்ளிப்போகும். இந்த ரக வண்டியின் தூக்குதிறன் 500 எம்எம் மையத்துக்குக் கணக்கிட்டது. லோடு குறைவென்றால் பரவாயில்லை. முழு லோடில் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன்.

அந்த ரப்பர் குடோனில் குவிந்து கிடந்ததில் முக்கால்வாசி முதல் வகை, மேல்தட்டு அடியிலிருந்து பிளந்தது. சூப்பர்வைசர் கணக்கில் அது அவசரப் புத்தி. ஆபரேட்டர் அண்ணனிடம் தனியாகக் கேட்டேன். “நேரா வச்சா வாசல் மேட்டுல நுனி உரசுது சார். அதான் கொஞ்சம் பின்னாடி சாய்ச்சே வச்சுக்கிறது. உள்ள வந்து திருப்பி நேராக்க எங்க நேரம்? நீங்களே ஏறி உக்காந்து பாருங்க, நுனி தெரியுதான்னு.” ஏறி உட்கார்ந்தேன். கண்ணுக்கு முன்னால் ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் தூணான மாஸ்ட், செயின், கேரியேஜ், ஹோஸ்கள். தரையில் இருக்கும்போதே தலையை ஒரு பக்கம் நீட்டினால்தான் ஒரு நுனி தெரிகிறது. ரேக்கில் மூன்றாவது தட்டுக்குப் போனால் அதுவும் போச்சு. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலையை வருடக்கணக்காகச் செய்கிறார், அதுவும் ஏச்சு வாங்கிக்கொண்டு.

சாய்வின் கணக்கு இதுதான். 1070 எம்எம் ஃபோர்க்கில் ஒரு டிகிரி சாய்வு என்றால் நுனி ஹீலைவிட 19 எம்எம் உயர்கிறது. மூன்று டிகிரி என்றால் 56. ஃபோர்க் நுழையும் வாய் 100 எம்எம் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1961-ல் ஐரோப்பிய ரயில்வேக்கள் கூடி ஒப்புக்கொண்ட 1200-க்கு 800 பேலட்டில் அதுதான் அளவு. ஹீலின் கனம் 45, சாய்வால் ஏறியது 56. கூட்டினால் நுனியின் மேல் முகம் 101-ல். இருக்கிற இடமோ 100. மூன்று டிகிரி சாய்வு வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. மாஸ்ட் பத்து டிகிரிக்கு மேலும் பின்னால் சாயும் வண்டிகள் இவை, டேஷ்போர்டில் கோணம் காட்டும் கருவி பெரும்பாலும் கிடையாது. இதில் உள்ளூர் ஆசாரி அடித்த பேலட் என்றால் அந்த 100-ம் சந்தேகம்தான். இறக்குமதிப் பெட்டிகளைப் பிரித்து எடுத்த பைன் பலகை ஒன்று 18 இருக்கும், அடுத்தது 22 இருக்கும். வாய் 92-ம் இருக்கும், 98-ம் இருக்கும்.

சரி, ஹீல் கனத்தைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். வலிமை கனத்தின் வர்க்கத்தோடு போகிறது, அகலத்தோடு நேராகத்தான் போகிறது. 45-ஐ 40 ஆக்கினால் இழந்ததை ஈடுகட்ட 125 அகலத்தை 160-க்குக் கொண்டுபோக வேண்டும். ஐரோப்பிய பேலட்டின் 800 பக்கத்தில் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி 227.5 எம்எம். அதில் 125 நுழைந்தால் பக்கத்துக்கு 50 மிஞ்சும். 160 நுழைந்தால் 34-க்கும் குறைவு. உயரத்தில் பிடித்ததை அகலத்தில் விட்டாயிற்று.

ஆகவே அந்த ரப்பர் குடோனுக்குக் கனத்தில் கை வைக்கவில்லை. புது ஜோடிக்கான வரைபடத்தில் நுனியின் மேல் முகத்திலும் ஒரு விரல் நீளத்துக்குச் சிறு சரிவு கொடுத்தோம். நுனி கொஞ்சம் மேலே வந்து பலகையில் பட்டாலும், குத்தாமல் அடியில் வழுக்கிக்கொண்டு போய்விடும். மேலிருந்து பார்த்தால் இரண்டு மூலைகளும் நல்ல வட்டமாக, முன்பக்கம் லேசாகக் குறுகி இருக்கும். கட்டையின் ஓரத்தில் பட்டால் வழிந்து நடுவுக்கு வரும். பக்கவாட்டில் தள்ளும் சைட்ஷிஃப்ட் இருந்தாலும் கடைசி சில எம்எம்முக்கு அதைத் தேடி லீவரைத் தடவ வேண்டியதில்லை. மூட்டைப் பிரச்சினைக்கு நுனியை மழுக்கவில்லை. நுனிவிளிம்பையும் பிளேடின் மேல் விளிம்புகள் இரண்டையும் உருட்டி, மேல் முகத்தை வழவழப்பாகத் தேய்த்துக் கொடுத்தோம். மூட்டை பலகை இடுக்கில் தொங்கிக்கொண்டிருக்கும், அதை உரசாமல் போக முடியாது. உரசினாலும் கிழிக்காமல் இருந்தால் போதும். வெளியே வரும்போதும் இது உதவுகிறது. சுமையை இறக்கியும் ஃபோர்க் முழுக்க விடுபடாமல் பின்னால் இழுத்தால் பலகையோடு ஆணியும் கூடவே வரும். நுழைவதைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் வெளியே வருவதைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்னொன்று, காசே இல்லாத வேலை. ஃபோர்க் மட்டமாக இருக்கும்போது மாஸ்டின் பக்கவாட்டிலும் வண்டியின் பாடியிலும் நேராக ஒரு பெயின்ட் கோடு போட்டோம். இரண்டு கோடும் சேர்ந்தால் சாய்வு இல்லை. இதை வரைபடம் என்று சொல்லி பில் போட முடியாது என்று எங்கள் மேனேஜருக்கு வருத்தம்.

பழைய ஃபோர்க்கையே வெல்டிங் வைத்து நுனியை மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவோம். ஃபோர்க் சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு. பட்டறையில் ஆர்க் வைத்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும், விரிசல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். தரையில் உரசி உரசி அடிவிளிம்பு விரலைக் கிழிக்கும் அளவுக்குக் கூராகிவிட்ட நுனியின் பிசிறைத் தேய்த்து எடுத்துத் தருவதோடு சரி. அப்படி உரசிய ஃபோர்க் என்றால் ஹீலையும் கட்டாயம் அளப்போம். செயின் நீண்டு தொய்ந்தால் ஹீல் தரையோடு இழுபடும். ஐஎஸ்ஓ 5057 தரம் சொல்வது, கனம் பத்து சதவீதம் தேய்ந்தால் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று. 45 என்றால் 40.5. பத்து சதவீதம்தானே என்பார்கள். முன்னே சொன்ன வர்க்கக் கணக்குப்படி மிஞ்சும் வலிமை 81 சதவீதம்தான்.

ஃபோர்க்கை நீளமாக்க அதன் மேல் மாட்டும் உறையான ஸ்லீவ் மட்டும் எங்கள் பட்டறையிலேயே பிளேட் வளைத்துச் செய்கிறோம். ஸ்லீவ் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்காவது உள்ளே அசல் ஃபோர்க் இருக்க வேண்டும் என்பதில் பேரம் கிடையாது. பேலட்டுக்கு ஸ்லீவ் ஒரு தொல்லை என்பதையும் சொல்லிவிடுவேன். மேல் தகடு ஐந்தாறு எம்எம், அதற்கு அடியில் ஆட்டம் விடும் இடம், எல்லாம் அந்த 100-லிருந்துதான் போகிறது.

இப்போது மேசையில் இருப்பது வாடிப்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையின் ஆர்டர். மெஷின் உதிரிகளோடு வந்து தங்கிவிட்ட ஐரோப்பிய பேலட்டும் உண்டு, உள்ளூரில் அடித்த 1200-க்கு 1000-ம் உண்டு. இரண்டையும் ஒரே வண்டி தூக்க வேண்டும். நூல் சுற்றிய கோன் பெட்டிகள் எடை குறைவு என்பதால் 40-க்கு 125 போதும் என்று கணக்கு வருகிறது. நீளம் 920-ஆ 1070-ஆ என்பதில் அவர்கள் ஸ்டோர்ஸும் பர்ச்சேஸும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அங்கே இருக்கும் ஆபரேட்டர் மட்டும் போனில் தன் கோரிக்கையைச் சொல்லிவிட்டார்: நுனிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து அனுப்ப வேண்டுமாம். வழக்கமான மஞ்சள், பைன் பலகைக்குப் பக்கத்தில் தெரிய மாட்டேன் என்கிறதாம்.