செருகினால் மூன்றும் வருகிறதா? வேண்டாததை நிறுத்தலாம்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய 4 டிபி எக்ஸ்டெர்னல் டிரைவில் மூன்று பார்ட்டிஷன், அதாவது தனித்தனிப் பகுதிகள், வைத்திருக்கிறேன். ஒன்றில் நடப்பு கல்யாண ஆல்பங்கள், ஒன்றில் முடிந்த வேலைகள். மூன்றாவது, என் பழைய மேக்கை அப்படியே நகலெடுத்த குளோன். பழைய தமிழ் ஃபான்ட்கள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன, அழிக்க மனசில்லை.

தொல்லையும் அதனால்தான். கேபிளைச் செருகியதும் மூன்றும் வந்து உட்கார்ந்துவிடும். ‘ஓபன் வித்’ போனால் போட்டோஷாப் இரண்டாகத் தெரியும், ஒன்று குளோனில் இருக்கும் பழசு. போதாக்குறைக்கு மேக்கின் தேடல் வசதியான ஸ்பாட்லைட் அதையும் குடைந்துகொண்டிருக்க, எஜெக்ட் கொடுத்தால் டிரைவ் பயன்பாட்டில் இருப்பதாக மெசேஜ் வரும். முகூர்த்த மாதத்தில் போட்டோகிராஃபர் வாசலில் நிற்கும்போது இதோடு மல்லுக்கட்ட முடியுமா?

செட்டிங்ஸில் இதற்கென்று சுவிட்ச் கிடையாது. கட்டளைகளை அடிக்கும் டெர்மினலைத்தான் திறக்க வேண்டும். எந்தப் பார்ட்டிஷன் எப்படி வர வேண்டும் என்று எழுதிவைக்கும், யூனிக்ஸ் காலத்து எஃப்எஸ்டேப் கோப்பை மேக் இன்றும் மதிக்கிறது.

முதலில் ‘டிஸ்க்யூட்டில் இன்ஃபோ’ என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, குளோனின் ஐகானை டெர்மினலுக்குள் இழுத்துப் போட்டேன். பாதை தானாக நிரம்பியது. என்டர் தட்டியதும் வந்த விவரங்களில் ‘வால்யூம் யூயூஐடி’ என்ற வரிதான் தேவை, அதுதான் அந்தப் பார்ட்டிஷனின் தனி அடையாளம். கோடுகளோடு சேர்த்து 36 எழுத்து. கையால் அடிக்காமல் காப்பி செய்துகொள்வது நல்லது.

அடுத்து ‘சூடோ விஐஎஃப்எஸ்’. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்பட வேண்டாம். அந்த எஃப்எஸ்டேப் கோப்பு, விஐ என்ற பழைய எடிட்டரில் திறக்கும். அதற்குள் போனவர் வெளியே வரத் தெரியாமல் தவிப்பது பழைய ஜோக்தான், ஆனால் உண்மை. ‘ஐ’ தட்டி, கடைசியில் ஒரு புது வரி: யூயூஐடி, சமக்குறி, அந்த 36 எழுத்து, இடைவெளி விட்டு ‘நன்’, அப்புறம் ‘எச்எஃப்எஸ்’, கடைசியாக ‘ஆர்டபிள்யூ’, காற்புள்ளி, ஒட்டியே ‘நோஆட்டோ’, அதாவது தானாக வராதே. என் குளோன் பழைய ஃபார்மேட்டில் இருப்பதால் எச்எஃப்எஸ். புது ஃபார்மேட் என்றால் அங்கே ஏபிஎஃப்எஸ். எஸ்கேப் தட்டி, முக்காற்புள்ளி போட்டு ‘டபிள்யூக்யூ’ கொடுத்தால் சேமித்து வெளியே வந்துவிடலாம்.

டிரைவைக் கழற்றிச் செருகினேன். இரண்டுதான் வந்தன. குளோன் டிஸ்க் யூட்டிலிட்டியில் மங்கலாகத் தெரிகிறது. பழைய ஃபான்ட் தேவைப்பட்டால் அதைத் தேர்ந்தெடுத்து ‘மவுன்ட்’ கொடுத்தால் சரி. பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்தால் யூயூஐடி மாறிவிடும், அப்போது வரியையும் மாற்ற வேண்டும்.

இந்த ஏற்பாடு டிரைவில் இல்லை, என் மேக்கில் இருக்கிறது. பிரிண்டிங் லேபில் செருகினால் அங்கே மூன்றும் வரத்தான் செய்யும். அதனால் லேபுக்கு மட்டும் பென்டிரைவ்.